சிடி4 640 இருக்கும்போதே ஏ.ஆர்.டி தொடங்க வேண்டுமா, காத்திருக்கலாமா?

நொய்யல்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே இது என் முதல் பதிவு. வயது 34, பின்னலாடை கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை. குடலிறக்க ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி இருப்பது தெரிந்தது. அரசு நம்பிக்கை மையத்தில் மறுபடி பார்த்து உறுதி செய்துவிட்டார்கள். மனைவிக்கு நெகட்டிவ். நாலு வயதில் ஒரு பெண் குழந்தை.

ஏ.ஆர்.டி (எச்.ஐ.வி-யை அடக்கும் மாத்திரை) மையத்தில் சிடி4 (ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி அணுக்களின் எண்ணிக்கை) பார்த்தார்கள், 640. எடை குறையவில்லை, காய்ச்சல், இருமல் எதுவும் இல்லை. ஆலோசகர் இந்த வாரமே மாத்திரையைத் தொடங்கிவிடலாம் என்கிறார். எனக்குத் தெரிந்த ஒரே பாசிட்டிவ் ஆள், மாமா முறையில் வேண்டிய ஒருவர். 2007இல் பதிவு செய்தவர். அவரைப் பல வருடம் மாத்திரை இல்லாமலே வைத்திருந்து, சிடி4 இறங்கிய பிறகுதான் கொடுத்தார்களாம். "ஒருதடவை ஆரம்பிச்சா கடைசி வரைக்கும் நிறுத்த முடியாது மாப்ள. உடம்பு நல்லா இருக்கும்போது எதுக்கு? 350க்குக் கீழ வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்கிறார். என்மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார், அது எனக்குப் புரிகிறது.

கிட்னி போய்விடும், எலும்பு தேய்ந்துவிடும் என்று யூடியூபில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஷிஃப்ட் வேலையில் மாத்திரையை யாருக்கும் தெரியாமல் எப்படிப் போடுவது என்றும் யோசனை. தூக்கம் சரியாக இல்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், நான் காத்திருக்கலாமா?

---

பழையமரம் எழுதியது:

தம்பி, உங்கள் மாமா சொல்வதில் எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. நான் தொடங்கியது 2005இல். ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் மூன்றும் சேர்ந்த மாத்திரை. சிடி4 அப்போது 90க்குக் கீழே. அந்த மாத்திரை இல்லையென்றால் இன்று இதை எழுத நான் இல்லை. ஆனால் இரண்டு வருடத்தில் கன்னம் ஒட்டிப்போனது, கை கால் குச்சியானது, வயிறு மட்டும் தள்ளியது. ராத்திரி பாதத்தில் எரிச்சல் தாங்க முடியாமல் ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு படுப்பேன். முகத்தைப் பார்த்தே விஷயத்தை ஊகித்தவர்கள் ஊரில் இருந்தார்கள். எங்கள் காலத்து ஆட்கள் "முடிந்தவரை தள்ளிப் போடு" என்று சொன்னால் அதற்குப் பின்னால் இந்த வலி இருக்கிறது.

இப்போது மருந்து மாறிவிட்டது, நானே மாறிவிட்டேன். இருந்தாலும் 640 இருக்கிற ஒருவர் அவசரப்பட என்ன இருக்கிறது என்று எனக்கும் விளங்கவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

---

வைகை ஆலோசகர் எழுதியது:

நொய்யல்கரை, முதலில் மூச்சு விடுங்கள். நல்ல நிலையில் கண்டுபிடித்திருக்கிறீர்கள். பாதிப் பேர் படுத்த படுக்கையாக வந்த பிறகுதான் எங்களிடம் பதிவானார்கள். தென்மாவட்டத்தில் ஒரு ஏ.ஆர்.டி மையத்தில் ஆலோசகராக இருந்தவன் நான். உங்கள் மாமாவிடம் "காத்திருங்கள்" என்று சொன்னவர்கள் என்னைப் போன்றவர்கள்தான். அன்று அது விதிமுறை. அந்த விதிமுறைக்குக் காரணங்கள் இருந்தன. அந்தக் காரணங்கள் ஒவ்வொன்றாக எப்படிப் போயின என்று தெரிந்தால்தான் உங்களால் மாமாவுக்கும் பதில் சொல்ல முடியும், உங்களுக்கும் நிம்மதி வரும். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

1987இல் ஏ.இசட்.டி என்ற ஒற்றை மருந்து வந்தது. அதை நோய்க்குறி இல்லாதவர்களுக்கு முன்கூட்டியே கொடுத்தால் நல்லதா என்று பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து கான்கார்ட் என்ற ஆய்வை நடத்தின. மூன்று வருடம் பார்த்ததில், முதலிலேயே தொடங்கியவர்களும் தள்ளித் தொடங்கியவர்களும் ஒரே அளவில்தான் பிழைத்திருந்தார்கள். ஒற்றை மருந்தைக் கொடுத்தால் வைரஸ் சீக்கிரமே அதற்குப் பழகிவிடுகிறது. ஆக, அந்தக் காலத்தில் முந்திக்கொள்வதால் லாபம் இல்லை.

1996இல் மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்து வந்தது. சாகக் கிடந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போனார்கள். அப்போது "உடனே அடி, பலமாக அடி" என்று ஓர் அலை. நாலைந்து வருடத்தில் அந்த மருந்துகளின் பக்கவிளைவுகள் தெரியவந்தன. பழையமரம் அண்ணன் எழுதியிருப்பதுதான். அதனால் மறுபடி "தள்ளிப் போடுவோம்" என்ற பக்கம் சாய்ந்தார்கள்.

நம் நாட்டில் இன்னொரு காரணமும் இருந்தது, பணம். வெளிநாட்டுக் கம்பெனி விலையில் ஒருவருக்கு வருடத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். 2001இல் சிப்லா என்ற இந்திய மருந்துக் கம்பெனி மூன்று மருந்தையும் சேர்த்து வருடத்துக்கு 350 டாலருக்குத் தர முன்வந்த பிறகுதான் ஏழை நாடுகளுக்கு இது எட்டியது. 2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு இலவச ஏ.ஆர்.டி-யைத் தொடங்கியது. நாடு முழுக்க எட்டு மருத்துவமனைகளில்தான் முதலில் கொடுத்தார்கள், அதில் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. அப்போது எல்லை 200. அதற்குக் கீழே இறங்கியவர்களுக்கே மருந்து. கையில் இருப்பது கொஞ்சம், சாகும் நிலையில் இருப்பவர்கள் நிறைய, அவர்களுக்கு முதலில் கொடுத்தாக வேண்டும். உங்கள் மாமா 2007இல் காத்திருந்தது இதனால்தான். அவர் உடம்புக்குக் காத்திருப்பது நல்லது என்று யாரும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை.

பிறகு அந்த எல்லை 350 ஆனது, 500 ஆனது, 2017 ஏப்ரலில் எல்லையே எடுக்கப்பட்டது. பாசிட்டிவ் என்றால் சிடி4 எத்தனை இருந்தாலும் மருந்து உண்டு. ஏன் எடுத்தார்கள் என்பதுதான் உங்கள் கேள்விக்கு முக்கியம்.

முதல் அடி 2006இல் ஸ்மார்ட் என்ற ஆய்வில் விழுந்தது. சுமார் 5,470 பேர். ஒரு பாதியினர் மாத்திரையை விடாமல் எடுத்தார்கள். மறு பாதியினர் சிடி4 350க்கு மேல் இருந்தால் நிறுத்தி, 250க்குக் கீழே இறங்கினால் மறுபடி தொடங்கினார்கள். மருந்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தினால் பக்கவிளைவு குறையும் என்று நம்பினார்கள். நடந்தது தலைகீழ். நிறுத்தி நிறுத்தி எடுத்தவர்களிடம் நோயும் சாவும் இரண்டு மடங்குக்கு மேல். இதயம், சிறுநீரகம், கல்லீரல் கோளாறுகள்கூட அவர்களுக்குத்தான் அதிகம். ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். சிடி4 நன்றாக இருக்கும்போதும் வைரஸ் சும்மா இருப்பதில்லை, உடம்பு முழுக்க ஓர் அழற்சியை நடத்திக்கொண்டே இருக்கிறது என்பது அப்போதுதான் பளிச்சென்று தெரிந்தது.

அடுத்தது ஸ்டார்ட் ஆய்வு. உங்கள் கேள்வி அப்படியே அதன் கேள்வி. சிடி4 500க்கு மேல் உள்ள, இதுவரை மருந்தே எடுக்காத 4,685 பேர், 35 நாடுகள். ஒரு பாதியினருக்கு உடனே மருந்து, மறு பாதியினருக்கு 350க்கு இறங்கிய பிறகு. 2009இல் தொடங்கியது, 2015 மே மாதம் கண்காணிப்புக் குழு "போதும், எல்லோருக்கும் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டது. உடனே தொடங்கியவர்களிடம் கடுமையான நோய் அல்லது மரணம் 57 சதவீதம் குறைவு. அதே வருடம் செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் எல்லையை எடுத்தது.

ஆக, மாமா கேட்டது அந்தக் காலத்துக்குச் சரியான பேச்சு. நீங்கள் இருப்பது வேறு காலம். தொடங்குங்கள்.

---

எண்கணக்கு எழுதியது:

ஆலோசகர் சார் எழுதியதை மதிக்கிறேன். ஆனால் "57 சதவீதம் குறைவு" என்பதை மட்டும் சொன்னால் முழுப் படம் கிடைக்காது. அந்த ஆய்வின் மூல எண்ணிக்கையைப் பாருங்கள். உடனே தொடங்கிய 2,326 பேரில் 42 பேருக்குக் கடும் நோய் அல்லது மரணம். காத்திருந்த 2,359 பேரில் 96 பேருக்கு. சராசரியாக மூன்று வருடம் கவனித்தார்கள். அதாவது காத்திருந்தவர்களிலும் நூற்றுக்கு 96 பேருக்கு அந்த மூன்று வருடத்தில் எதுவும் ஆகவில்லை.

தொடங்க வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நானும் பாசிட்டிவ்தான், மாத்திரை எடுப்பவன்தான். புதிதாகத் தெரிந்தவர் "இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போனால் செத்துவிடுவேன்" என்ற பயத்தில் முடிவெடுக்கக் கூடாது. அவர் கையில் நேரம் இருக்கிறது என்ற உண்மையும் அவருக்குத் தெரியட்டும்.

---

வைகை ஆலோசகர் எழுதியது:

எண்கணக்கு, மிக நல்ல கேள்வி. எண்களை நீங்கள் சரியாகவே கொடுத்திருக்கிறீர்கள். பயமுறுத்தித் தொடங்கவைப்பது தவறு என்பதிலும் உடன்படுகிறேன். இரண்டு விஷயத்தை மட்டும் சேர்க்கிறேன்.

ஒன்று, அந்த 96 பேருக்கு என்ன வந்தது என்று பாருங்கள். காசநோய் மட்டும் காத்திருந்தவர்களில் 20 பேருக்கு, தொடங்கியவர்களில் 6 பேருக்கு. நிணநீர்ப் புற்று காத்திருந்தவர்களில் 10 பேருக்கு, தொடங்கியவர்களில் 3 பேருக்கு. கப்போசி என்ற தோல் புற்று காத்திருந்தவர்களில் 11 பேருக்கு, தொடங்கியவர்களில் ஒருவருக்கு. காசநோய் கிருமி இல்லாத தெரு நம் ஊரில் எங்கே இருக்கிறது? பனியன் கம்பெனியில் ஒரே கூடத்தில் நூறு பேரோடு வேலை செய்கிறவருக்கு அந்த 20க்கும் 6க்கும் உள்ள வித்தியாசம் காகிதக் கணக்கு கிடையாது. அதைவிட முக்கியம், அந்த நோய்களில் பெரும்பகுதி சிடி4 500க்கு மேல் இருக்கும்போதே வந்தவை. "350 வரை பத்திரம்" என்ற நம்பிக்கை அங்கேதான் உடைந்தது.

இரண்டு, ஆய்வு மூன்று வருடம்தான். இவருக்கு வயது 34. இன்னும் நாற்பது வருடம் வாழப்போகிறவர். இன்னொரு தட்டில் மருந்தின் தீங்கை வைத்துப் பார்த்தார்கள், கடுமையான பக்கவிளைவுகள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். காத்திருந்ததால் எந்த லாபமும் இல்லை என்னும்போது எதற்குக் காத்திருப்பது?

---

ரிக்வண்டி தம்பி எழுதியது:

நான் பாசிட்டிவ் இல்லை. என் அண்ணன் இருந்தார். ஊர் திருச்செங்கோடு பக்கம். போர்வெல் ரிக் வண்டியில் வேலை, வண்டி ஏறினால் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று மாதக்கணக்கில் போய்விடுவார். 2009இல் தெரிந்தது, சிடி4 410. மருந்து இப்போது கிடையாது, ஆறு மாதம் கழித்து வந்து மறுபடி எண்ணிக்கை பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றைய விதி அது, யார்மேலும் குறை சொல்லவில்லை.

ஆறு மாதம் கழித்து அவர் ரிக்கில் இருந்தார். மாத்திரை கொடுத்திருந்தால் மாத்திரை வாங்கவாவது மையத்துக்குப் போயிருப்பார். மாத்திரையே இல்லாத நோய்க்கு யார் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்? "எனக்கு இன்னும் மருந்து சாப்பிடுற அளவுக்கு வரல" என்று பெருமையாகவே சொல்வார். அடுத்து அவரைக் கூட்டிப்போனபோது தாங்க முடியாத தலைவலி, ஆளைத் தெரியவில்லை. சிடி4 38. மூளைக்காய்ச்சல் என்றார்கள். பதினோராம் நாள் போய்விட்டார். அண்ணிக்கு அப்போது 26 வயது.

சதவீதமெல்லாம் எனக்குத் தெரியாது. காத்திருக்கச் சொன்னால் ஆள் காத்திருக்க மாட்டான், காணாமல் போய்விடுவான். அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

---

பழையமரம் எழுதியது:

ரிக்வண்டி தம்பி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் தோன்றவில்லை. உங்கள் அண்ணன் போல எங்கள் வரிசையில் நின்ற எத்தனையோ முகம் ஞாபகம் வருகிறது. ஒருத்தருக்கு 180, அவர் கையில் மாத்திரை. அடுத்தவருக்கு 230, அவர் வெறும் கையோடு வீட்டுக்கு. இரண்டு பேரும் வெளியே ஒரே கடையில் டீ குடித்துவிட்டு பஸ் ஏறுவோம். மேலே நான் எழுதிய "அவசரப்பட என்ன இருக்கிறது" என்ற கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

---

தாமரைக்குளத்தாள் எழுதியது:

நொய்யல்கரை தம்பி, உங்கள் மனைவி இருக்கும் இடத்திலிருந்து பேசுகிறேன். என் வீட்டுக்காரருக்குப் பாசிட்டிவ், எனக்கு நெகட்டிவ். பல வருடமாகவே அப்படித்தான், பிள்ளைகள் இரண்டுக்கும் நெகட்டிவ்.

எச்.பி.டி.என் 052 என்ற ஆய்வைப் பற்றி எங்கள் மருத்துவர்தான் சொன்னார். ஒருவருக்கு பாசிட்டிவ், ஒருவருக்கு நெகட்டிவ் என்று இருந்த 1,763 ஜோடிகள், ஒன்பது நாடுகள். சென்னையிலும் புனேயிலும் அதில் சேர்ந்த ஜோடிகள் உண்டு. பாதி ஜோடிகளில் பாசிட்டிவ் உள்ளவருக்கு உடனே மருந்து, பாதி ஜோடிகளில் தள்ளி. 2011இல் முடிவைச் சொன்னார்கள். துணையிடமிருந்துதான் வந்தது என்று உறுதியான தொற்று 28. அதில் 27 மருந்தைத் தள்ளிப்போட்ட பக்கம், உடனே தொடங்கிய பக்கம் ஒன்றே ஒன்று. அதற்குப் பிறகு ஐரோப்பாவில் நடந்த பார்ட்னர் ஆய்வுகளில், ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உறவின் மூலம் துணைக்குத் தொற்று போனது ஒருமுறைகூட இல்லை.

இதைக் கேட்ட அன்று நான் அழுதுவிட்டேன். அதுவரை அவர் என் பக்கத்தில் படுக்கவே பயப்படுவார். எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அவர் பயந்ததுதான் எங்கள் வீட்டில் பெரிய நோயாக இருந்தது. மாத்திரை அந்தப் பயத்தை எடுத்தது. சிடி4 எத்தனை என்பது உங்கள் உடம்புக் கணக்கு. உங்கள் ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்பது உங்கள் வீட்டுக் கணக்கும்கூட. அதையும் சேர்த்து யோசியுங்கள் தம்பி.

---

எண்கணக்கு எழுதியது:

அக்கா சொன்னது முழுக்கச் சரி. ஒரு சின்ன எச்சரிக்கை மட்டும். "மனைவிக்காகத் தொடங்கு" என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து நெருக்குவதையும் நான் பார்த்திருக்கிறேன். அப்படித் தொடங்கியவர் வீட்டில் சண்டை வந்தால் மாத்திரையை விட்டுவிடுகிறார். முடிவு அவருடையதாக இருக்கட்டும், அவர் உடம்புக்காகவும் இருக்கட்டும். ஸ்டார்ட் ஆய்வு வந்த பிறகு அந்த இரண்டும் ஒரே திசையில்தான் போகின்றன என்பது நல்ல விஷயம்.

---

வார்டு 7 செவிலி எழுதியது:

இழையைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று சேர்க்க வேண்டும். நொய்யல்கரை நல்ல உடல்நிலையில் இருக்கிறார், அவருக்கு இது பொருந்தாது. ஆனால் "உடனே தொடங்கு" என்பதை எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடக் கூடாது. சில வாரம் தள்ளித்தான் தொடங்க வேண்டும் என்ற நிலைமைகள் உண்டு.

முக்கியமானது மூளையில் வரும் தொற்று. ரிக்வண்டி தம்பியின் அண்ணனுக்கு வந்தது எதுவென்று எனக்குத் தெரியாது, ஆனால் சிடி4 மிகவும் இறங்கியவர்களுக்குக் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையால் மூளைச்சவ்வில் அழற்சி வரும். தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, குழப்பம். இவர்களுக்கு முதலில் பூஞ்சைக்கான மருந்து, நாலிலிருந்து ஆறு வாரம் கழித்துத்தான் ஏ.ஆர்.டி. உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்த ஒரு ஆய்வில், ஒன்றிரண்டு வாரத்திலேயே ஏ.ஆர்.டி தொடங்கியவர்களில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் 45 சதவீதம், ஐந்து வாரம் காத்திருந்தவர்களில் 30 சதவீதம். மருந்து போனதும் எதிர்ப்புச் சக்தி திடீரென்று எழுந்து, ஏற்கெனவே உள்ளே இருக்கும் கிருமியோடு மோதுகிறது. மூடிய மண்டைக்குள் அந்த வீக்கத்துக்கு இடம் இல்லை. மூளையில் காசநோய் என்றாலும் இதேபோல் நாலிலிருந்து எட்டு வாரம் தள்ளித்தான் தொடங்குவார்கள்.

நுரையீரல் காசநோய்க்கு அவ்வளவு தள்ள வேண்டியதில்லை. காசநோய் மாத்திரையை முதலில் தொடங்கி, அது உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்து, இரண்டு வாரத்துக்குள் ஏ.ஆர்.டி. கம்போடியாவில் நடந்த ஆய்வில், சிடி4 மிகக் குறைவாக இருந்த காசநோயாளிகளில் இரண்டாவது வாரம் தொடங்கியவர்கள்தான் எட்டாவது வாரம் தொடங்கியவர்களைவிட அதிகம் பிழைத்தார்கள்.

அதனால்தான் மையத்தில் முதல் நாளே இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா, ராத்திரி வேர்க்கிறதா என்று கேட்கிறோம். வெட்கப்பட்டோ அவசரப்பட்டோ இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். தலைவலி இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். இந்தக் காத்திருப்பை மருத்துவர் முடிவு செய்வார், அது வாரக் கணக்கு. நாமாக வீட்டில் உட்கார்ந்து வருடக் கணக்கில் காத்திருப்பது வேறு.

---

குறிஞ்சித்தேன் எழுதியது:

நண்பரே, சிடி4 இவ்வளவு நன்றாக இருப்பதால் ஆறு மாதம் மூலிகை லேகியம் எடுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் ஆங்கில மருந்துக்குப் போகலாமே? என் நண்பர் ஒருவருக்கு எடை நன்றாகக் கூடியது.

---

வார்டு 7 செவிலி எழுதியது:

லேகியம் சாப்பிட்டுப் பசி எடுத்து எடை கூடலாம், மறுக்கவில்லை. எந்த மூலிகை மருந்தும் ரத்தத்தில் எச்.ஐ.வி-யைக் கண்டறிய முடியாத அளவுக்கு அடக்கியதாக நிரூபணம் இல்லை. அதை நம்பி ஏ.ஆர்.டி-யைத் தள்ளிப்போட்டவர்களைப் படுக்கையில் வைத்துப் பார்த்தவள் நான். ஏ.ஆர்.டி எடுத்துக்கொண்டே வேறு எதையாவது சாப்பிடுவதாக இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டே சாப்பிடுங்கள். கல்லீரலுக்குத் தொல்லை தரும் பொருள்கள் சிலவற்றில் உண்டு.

---

நொய்யல்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொரு பதிலையும் பலமுறை படித்தேன். ரிக்வண்டி அண்ணா, உங்கள் அண்ணன் கதையை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன்.

தொடங்குவது என்று மனது வந்துவிட்டது. ஆனால் இந்த வாரமேவா என்பதில்தான் தயக்கம். ஆபரேஷன் வேறு நிற்கிறது. அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் ரிசல்ட் வந்ததும் ஃபைல் அட்டை மேலேயே சிவப்பு மையில் எழுதிவிட்டார்கள், ரிசப்ஷனில் இருந்தவர்கள்வரை தெரிந்துவிட்டது. ஆபரேஷன் இங்கே முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து எங்கே போனாலும் எல்லோரும் என்னையே பார்ப்பது போல இருக்கிறது. கிட்னி பயமும் இன்னும் போகவில்லை.

---

வைகை ஆலோசகர் எழுதியது:

அந்த ஆஸ்பத்திரி செய்தது சட்டத்துக்கு விரோதமானது. 2017இல் வந்த எச்.ஐ.வி, எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் நிலையை வெளியே சொல்லக் கூடாது, சிகிச்சை மறுக்கக் கூடாது, வேலையை விட்டு எடுக்கக் கூடாது. புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதை மனது கொஞ்சம் தெளிந்த பிறகு முடிவு செய்யுங்கள். ஆபரேஷனை அரசு மருத்துவமனையிலேயே செய்துகொள்ளலாம், ஏ.ஆர்.டி மைய மருத்துவரே பரிந்துரைக் கடிதம் தருவார். ஆபரேஷனுக்காக ஏ.ஆர்.டி-யை நிறுத்திவைக்கத் தேவையில்லை.

"இந்த வாரமேவா" என்ற கேள்விக்கு வருகிறேன். ஒருவருக்குத் தெரிந்து ஏழு நாளுக்குள் தொடங்குவது நல்லது, அவர் தயாராக இருந்தால் அன்றே தொடங்கலாம் என்று 2017இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. எனக்கு முதலில் இது ஒப்பவில்லை. முன்பெல்லாம் நாங்கள் மூன்று அமர்வு ஆலோசனை கொடுத்து, வீட்டிலிருந்து ஒருவரை அழைத்துவரச் சொல்லி, அப்புறம்தான் மாத்திரை கொடுப்போம். அழுதுகொண்டிருப்பவர் கையில் அன்றே டப்பாவைக் கொடுத்தால் நாளைக்குக் குப்பையில் போட்டுவிடுவார் என்பது எங்கள் எண்ணம். ஆனால் ஹெய்ட்டியிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஆய்வு செய்து பார்த்தபோது, அன்றே மருந்து பெற்றவர்கள்தான் ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து அதிகம் பேர் சிகிச்சையில் தொடர்ந்திருந்தார்கள். இழுத்தடித்த அந்த அமர்வுகளுக்கு நடுவில்தான் ஆட்கள் நழுவிப் போனார்கள்.

அதே சமயம் இன்றே என்பது கட்டாயம் இல்லை. நாலைந்து நாள் எடுத்து மனைவியோடு பேசி, தூங்கி எழுந்து, கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு போய்த் தொடங்கினால் ஒரு நஷ்டமும் இல்லை. எண்கணக்கு சொன்ன "நேரம் இருக்கிறது" என்பதை நான் இந்த நாலைந்து நாளுக்குத்தான் எடுத்துக்கொள்வேன். ஒரு தேதியைக் குறித்துவிடுங்கள். தேதி இல்லாத "அப்புறம்" ஆபத்தானது.

கிட்னிக்கு: இப்போது மையத்தில் கொடுப்பது டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒற்றை மாத்திரை, நாளுக்கு ஒன்று. பழையமரம் அண்ணன் எடுத்த ஸ்டாவுடின் இதில் இல்லை. டெனோஃபோவிர் சிலருக்கு சிறுநீரகத்தையும் எலும்பையும் பாதிக்கலாம் என்பது உண்மை. அதற்காகத்தான் தொடங்கும் முன்பே கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்து, பிறகும் இடைவிட்டுப் பார்க்கிறார்கள். எண்ணிக்கை ஏறினால் மருந்தை மாற்ற வழி இருக்கிறது. டொலுடெக்ராவிரால் கிரியாட்டினின் லேசாக ஏறித் தெரியும், அது சிறுநீரகம் கெட்டதால் வருவது இல்லை, ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதற வேண்டாம்.

---

பழையமரம் எழுதியது:

ஷிஃப்ட் கவலைக்கு என் பதில். தினமும் ஒரே நேரம், அது போதும். பகல் ஷிஃப்டோ ராத்திரி ஷிஃப்டோ, நீங்கள் கட்டாயம் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து வையுங்கள். சிலருக்கு இந்த மாத்திரையால் தூக்கம் கெடும், அப்படி இருந்தால் காலையில் போடுங்கள். கம்பெனிக்கு எடுத்துப் போகவே வேண்டியதில்லை. டப்பாவின் லேபிளைக் கிழித்துவிடலாம், உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் மருந்தை இதோடு சேர்த்துக் குடிக்கவே கூடாது, கால்சியம், இரும்புச் சத்து மாத்திரையை இதோடு வெறும் வயிற்றில் சேர்த்துப் போடக் கூடாது, மருந்து உடம்பில் சேராது. இதைப் போட்டு இரண்டு மணி நேரம் கழித்து அவற்றைப் போடலாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் அளவு பற்றி மருத்துவரிடம் சொல்ல வேண்டும், உங்களுக்கு இப்போது அது இல்லை, படிப்பவர்களுக்காகச் சொன்னேன். எடை கூடும், எனக்கு நன்றாகவே கூடியது. ஒட்டிப்போன கன்னத்தோடு திரிந்தவனுக்கு அதில் வருத்தமே இல்லை.

---

நொய்யல்கரை எழுதியது:

வெள்ளிக்கிழமை போய்த் தொடங்கிவிட்டேன். மனைவியும் வந்திருந்தாள். கிரியாட்டினின், கல்லீரல், ஹெபடைட்டிஸ் பி எல்லாம் பார்த்தார்கள், சரியாக இருக்கிறது. காசநோய் அறிகுறி கேட்டுவிட்டு, வராமல் தடுக்க ஒரு மாத்திரையும் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். முதல் இரண்டு நாள் லேசான தலைவலி, குமட்டல், இப்போது இல்லை. காலை ஆறரைக்குப் பாப்பாவுக்குப் பால் காய்ச்சும் நேரத்தில் போடுகிறேன்.

மாமாவிடம் சொன்னேன். 2007இல் வரிசை அவ்வளவு நீளம் என்பதை அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார். கோபம் இல்லை.

ஒரு சந்தேகம். மனைவிக்கு நெகட்டிவ் என்று வந்துவிட்டதே, இனி அவளுக்குப் பரிசோதனை வேண்டாமா? எங்களுக்கு இன்னொரு குழந்தை ஆசையும் உண்டு.

---

வைகை ஆலோசகர் எழுதியது:

மிக்க மகிழ்ச்சி. மனைவிக்குப் பரிசோதனை இன்னும் வேண்டும். அண்மையில் தொற்று ஏற்பட்டிருந்தால் முதல் சோதனையில் தெரியாமல் போகலாம். நீங்கள் கடைசியாகப் பாதுகாப்பில்லாமல் சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதம் கழித்து ஒருமுறை பாருங்கள், அதற்குப் பிறகும் மையத்தில் சொல்லும் இடைவெளியில் பாருங்கள். மாத்திரை தொடங்கியதுமே வைரஸ் அடங்கிவிடாது. ஆறாம் மாதம் வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்ற) பரிசோதனை செய்வார்கள், பெரும்பாலானவர்களுக்கு அதற்குள் அடங்கியிருக்கும். அந்த ரிசல்ட் கைக்கு வரும் வரை ஆணுறை கட்டாயம். இந்த இடைக்காலத்துக்கு மனைவிக்கு முன்தடுப்பு மாத்திரை தேவையா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள்.

குழந்தை ஆசை நடக்கக் கூடியதுதான். தாமரைக்குளத்து அக்கா வீட்டிலேயே இரண்டு பேர் ஓடியாடுகிறார்கள். வைரல் லோடு ரிசல்ட் வந்ததும் இந்த இழையிலேயே எழுதுங்கள், எந்த மாதத்தில் ஆணுறையை விடுவது, அதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதை அப்போது பேசலாம். நடுவில் ஏதாவது அவசரம் என்றால் எச்.ஐ.வி உதவி எண் 1097க்கு அழையுங்கள், இலவசம், தமிழில் பேசலாம்.